வாசகர் கேள்வி – பதில்: மருத்துவரைத் திரையில் பார்த்தால் புகை குறையுமா?

சென்ற இதழில் ஒரு பதிலின் கடைசியில், "சர்க்கரைக்குக் காட்ட மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலூருக்கு வந்து போகிறவர்கள், மருத்துவர் இசைந்தால், ஒருமுறை விட்டு ஒருமுறை காணொளியில் பேசிக்கொள்ளலாம், ஊருக்கும் நல்லது" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த "ஊருக்கும் நல்லது" என்ற இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதுமானவையாக இருக்கின்றன. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் தருகிறேன்.

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. நானும் அவரும் பேருந்தில் வேலூருக்குப் போய்க் காட்டிவிட்டு வருவோம். இப்போது மருத்துவரே "வீடியோவில் பேசினால் போதும்" என்கிறார். கல்லூரியில் படிக்கும் என் மகனோ, "வீடியோ அழைப்புக்கும் எங்கோ சர்வர் ஓடுகிறது, அதற்கும் நிலக்கரி எரிகிறது, எப்படியும் ஓடப்போகிற பேருந்தில் போவதுதான் மேல்" என்று வாதாடுகிறான். யார் சொல்வது சரி?
*— ஒரு வாசகி, குடியாத்தம்*

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், பெரிய கணக்கில்லை.

முதலில் திரையின் பக்கம். உங்கள் கைபேசியை வெறுமையிலிருந்து முழுதாகச் சார்ஜ் ஏற்ற, யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்கு மின்சாரம் போதும். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று கொண்டால், ஒரு முழுச் சார்ஜுக்கு ஆவது 14, 15 கிராம். பதினைந்து நிமிடப் பேச்சுக்கு அதில் ஒரு சிறு பகுதியே செலவாகும். உங்கள் மகன் சொல்லும் சர்வர், செல்பேசிக் கோபுரம், வழியில் உள்ள கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும், ஒரு மணி நேரக் காணொளிக்குச் சில பத்து கிராம் என்ற அளவில்தான் இன்றைய மதிப்பீடுகள் நிற்கின்றன. அவற்றை நம்பாமல் பத்து மடங்காகப் பெருக்கினாலும் உங்கள் அழைப்பு கால் கிலோவைத் தொடுவது கடினம்.

இனி சாலையின் பக்கம். குடியாத்தத்திலிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர், போய்வர 70. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோவும், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோவும் கரியமில வாயு வெளியாகும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் போய்வந்தால் ஏறக்குறைய பதினொரு கிலோ. 50 கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வண்டியில் என்றால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் ஐம்பது பேர் இருந்தால் ஆளுக்கு முக்கால் கிலோ, உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோ. ஆக, எந்த வண்டியை எடுத்துக்கொண்டாலும் திரையே குறைவு. இதுவரை மருத்துவர் பக்கம் வெற்றி.

ஆனால் "எப்படியும் ஓடப்போகிற பேருந்து" என்ற மகனின் வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. நீங்கள் இருவரும் ஏறாவிட்டாலும் அந்தப் பேருந்து அதே நேரத்துக்குக் கிளம்பும், அதே டீசலை எரிக்கும், உங்கள் இருக்கையில் கே.வி.குப்பத்தில் வேறொருவர் உட்காருவார். ஒன்றரைக் கிலோ என்பது ஏட்டில் உங்கள் பங்கே தவிர, நீங்கள் வீட்டிலிருந்ததால் வானத்துக்குப் போகாமல் நின்றுபோன புகை அல்ல. பேருந்தில் போகிறவர் காணொளிக்கு மாறினால் மிச்சமாவது பெரும்பாலும் அவருடைய முழங்காலும் ஒரு நாள் கூலியும்தான். வாடகைக் காரில் போகிறவர் மாறினால்தான் பத்து கிலோ உண்மையாகவே மிச்சமாகிறது. முழங்காலும் கூலியும் சிறிய விஷயம் என்று நான் சொல்லவில்லை. சுற்றுச்சூழல் கணக்கில் அவை வரா, அவ்வளவே.

வெளிநாட்டு ஆய்வுகளைப் படிக்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்வீடனில் உமேயோ நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையை வைத்து 2014-ல் வெளியான ஆய்வு, நேரில் வருவதற்குப் பதில் காணொளியைப் பயன்படுத்தினால் கரியமில வாயு 40 முதல் 70 மடங்கு வரை குறைகிறது என்றும், சில கிலோமீட்டர் தொலைவிலேயே காணொளி லாபமாகிவிடுகிறது என்றும் கண்டது. அது மக்கள் தொகை குறைந்த, ஊருக்கு ஊர் நெடுந்தூரம் உள்ள, காரில் போவதே வழக்கமாக உள்ள வட ஸ்வீடன். 2021-ல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஓர் ஆலோசனைக்கு மிச்சமாவது 0.7 கிலோவிலிருந்து 372 கிலோ வரை என்று சொன்னது. ஒரே காரியத்துக்கு ஐந்நூறு மடங்கு வேறுபாடு எப்படி வரும்? எந்தப் பயணம் நின்றது, எந்த வண்டி நின்றது என்பதிலிருந்துதான் வரும்.

இன்னொன்று, ஏட்டுக் கணக்கில் ஏறாதது. என் அக்காள் கணவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை. சென்ற ஆண்டு வலது காலில் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு புண். அவர் காட்டும் இடத்தில் காணொளி நேரம்தான் கிடைத்தது. நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து, என் அக்காள் கைபேசியைப் பிடிக்க, அந்தப் பக்கம் இருந்தவர் "இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள், நிறம் தெரியவில்லை" என்று நாலைந்து முறை சொன்னார். டியூப்லைட் வெளிச்சத்தில் திரையில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரிந்தது. களிம்பு எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் இன்னொரு அழைப்பு, அதன் பிறகு "நேரில் வந்துவிடுங்கள்". அதற்குள் அத்தானால் பேருந்து நிறுத்தம் வரைகூட நடக்க முடியவில்லை. வாடகைக் கார் எடுத்தோம், அதன் பிறகு கட்டு மாற்ற ஆறு முறை அதே கார். முதல் நாளே பேருந்தில் போயிருக்க வேண்டிய ஒரு பயணம் ஏழு கார்ப் பயணமாக முடிந்தது.

ஆகவே உங்கள் மாமனாருக்கு: வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்து, சர்க்கரை அளவும் உள்ளூரில் எடுக்க முடிந்து, மருந்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காத முறைகளில் காணொளி. காலில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறு கீறல் என்றாலோ, பேருந்து. இதற்காகவென்று புதிய கைபேசி மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஒரு ஸ்மார்ட்போனைத் தயாரிப்பதற்கே ஐம்பது கிலோவுக்கு மேல் கரியமில வாயு ஆகிறது. நீங்கள் தவிர்க்கும் பேருந்துப் பயணங்கள் ஏட்டுக் கணக்கில்கூட அதை ஈடுகட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

கேள்வி: நாங்கள் ஒடுகத்தூருக்கு மேலே மலையில் இருக்கிறோம். பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் வரும். எங்களுக்கு வீடியோ மருத்துவத்தைப் பற்றி எழுதி என்ன பயன்?
*— ஒரு வாசகர், அணைக்கட்டு வட்டம்*

பதில்: கோபம் நியாயமானது. ஆனால் காணொளி மருத்துவம் என்றால் நோயாளியின் கையில் கைபேசி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வீட்டிலிருந்து நேரே மருத்துவரை அழைப்பது. கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில் இது தொடங்கியது. மற்றொன்று அதற்கும் முந்தையது: நோயாளி பக்கத்து நலவாழ்வு மையத்துக்கு நடந்து போக, அங்கே உள்ள சுகாதாரப் பணியாளர் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு, மையத்தின் இணைப்பிலேயே தொலைவில் உள்ள மருத்துவரிடம் பேசுவது. என்னைக் கேட்டால் நம் மலைப்பகுதிக்கு இரண்டாவதே பொருந்தும். திரையில் தெரியாததைத் தொட்டுப் பார்க்க ஒரு கை பக்கத்தில் இருக்கிறது. "நேரில் வாருங்கள்" என்ற இரண்டாவது பயணம் பலமுறை தவிர்ந்துபோகும்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதில் திரையே இல்லை. ஒரு பணியாளர் சுற்றி வந்து இருபது வீட்டில் மாத்திரை கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்; இருபது வீட்டிலிருந்தும் தனித்தனியாக ஆள் இறங்கி ஏறுவதற்குப் பதில் ஒரே சுற்று. புகைக் கணக்கில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை எந்தச் செயலியும் தந்துவிடாது. பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. அங்கே வேண்டியது சாலையும் ஆம்புலன்ஸும். புகையைப் பற்றி யாரும் அப்போது பேசக்கூடாது.

கேள்வி: சி.எம்.சி. மருத்துவமனைக்கு அருகே, காந்தி ரோடு பக்கத்தில் சிறிய லாட்ஜ் நடத்துகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கம், ஜார்கண்ட், வங்கதேசம். சிலர் ரிப்போர்ட்டைக் காட்ட மட்டுமே திரும்ப வருகிறார்கள். இவர்கள் எல்லோரும் வீடியோவுக்கு மாறினால் உலகத்துக்கு எவ்வளவு மிச்சம், எனக்கு எவ்வளவு நஷ்டம்?
*— ஒரு வாசகர், வேலூர்*

பதில்: இரண்டாவதை நீங்களே கணக்கிட்டிருப்பீர்கள், முதலாவதைச் சொல்கிறேன்.

உண்மையில் பெரிய மிச்சம் உங்கள் தெருவில்தான் இருக்கிறது. கொல்கத்தாவிலிருந்து நோயாளியும் துணைக்கு இருவரும் விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து டாக்ஸியில் வேலூர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தில் ஒருவருக்கு ஒருவழிக்குச் சுமார் நூறு கிலோ கரியமில வாயு. மூவரும் போய்வர அறுநூறு. டாக்ஸி போய்வர நாற்பது கிலோ சேரும். உங்களிடம் ஏசி அறை எடுத்தால் ஓர் இரவுக்கு எட்டு யூனிட் என்று வைத்தாலும் ஐந்தரைக் கிலோ. அதுவும் கத்திரி வெயிலில் வேலூரில் எட்டு யூனிட்டோடு நிற்குமா என்பது உங்களுக்கே தெரியும். எல்லாம் சேர்ந்து 640-ஐத் தாண்டுகிறது. மேலே குடியாத்தம் வாசகியின் பேருந்துப் பங்கைப்போல் நானூறு மடங்குக்கும் மேல். அந்தக் குடும்பம் வந்தது ஒரு தாளைக் காட்டி "இதே மருந்தைத் தொடருங்கள்" என்று கேட்டுக்கொண்டு போகத்தான் என்றால், அந்தப் புகைக்கு ஒரு நியாயமும் இல்லை.

எனினும் உங்கள் விருந்தினர்களில் பெரும்பாலோர் விமானத்தில் வருகிறவர்கள் அல்லர். காட்பாடியில் காலையில் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும்: மடித்துக் கட்டிய படுக்கை, எவர்சில்வர் தூக்கு, எக்ஸ்ரே படங்கள் மடங்காமல் இருக்க அட்டை வைத்துக் கட்டிய கைப்பை. ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து வந்தவர்கள். மின்சார ரயிலில் ஒருவருக்கு ஆகும் கரியமில வாயு விமானத்தில் ஆவதில் ஒரு சிறு பங்கு. ரயிலும் பேருந்தைப்போலவே எப்படியும் ஓடும். இவர்களுக்குக் காணொளி மிச்சப்படுத்துவது வானத்தை அல்ல, விற்ற நகையை.

நோயாளி இருக்கும் இடத்திலேயே மருத்துவரைக் கொண்டுவரும் யோசனை நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது சித்தூர். அந்தச் சித்தூருக்கு அருகே அரகொண்டா என்ற கிராமத்தில்தான் அப்போலோ மருத்துவமனையின் தொலைமருத்துவ மையம், அப்போது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டனால் 2000 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. அப்போது யாரும் கரியமில வாயுவை நினைத்துச் செய்யவில்லை. கிராமத்தில் சிறப்பு மருத்துவர் இல்லை, செயற்கைக்கோள் இருந்தது.

நஷ்டத்தைப் பற்றி: முதல் முறை பார்ப்பது, அறுவை சிகிச்சை, அதன் பின் தங்குவது ஆகிய எதுவும் திரைக்குப் போகாது. 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி.க்கு இன்று பாதி இந்தியாவும் வருவது பேசிவிட்டுப் போக மட்டும் அல்லவே. குறையப்போவது அந்த ரிப்போர்ட் காட்டும் வருகைதான். அது குறைந்தால் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த மீன்சாப்பாட்டுக் கடைகளுக்கும் சேர்த்துத்தான் இழப்பு என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

கேள்வி: தனியார் கிளினிக்கில் செவிலியராக இருக்கிறேன். பயணத்தை மட்டுமே எல்லோரும் பேசுகிறார்கள். நேரில் வந்தால் கையுறை, பஞ்சு, ஊசி என்று குப்பை சேருகிறதே, அது கணக்கில் வராதா?
*— ஒரு வாசகி, ராணிப்பேட்டை*

பதில்: வரும், ஆனால் புறநோயாளியாக வந்து பேசிவிட்டுப் போகிறவரால் சேரும் குப்பை சொற்பம். 2016-ன் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி நீங்கள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்துப் போடுவதில் பெரும்பங்கு அறுவை அரங்கிலிருந்தும் வார்டிலிருந்தும் வருவது. ஊசி போட வேண்டியவருக்குத் திரையில் ஊசி போடவும் முடியாது.

உங்கள் கேள்வி என்னை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோகிறது. உலகில் வெளியாகும் பசுமையில்ல வாயுக்களில் மருத்துவத் துறையின் பங்கு நூற்றுக்கு நாலைந்து என்று கணிக்கிறார்கள். அதில் நோயாளியின் பயணம் ஒரு சிறு துண்டே. சீட்டில் எழுதும் மருந்து பல நேரம் பயணத்தை மிஞ்சிவிடும். ஆஸ்துமாவுக்கு அழுத்தி அடிக்கும் இன்ஹேலரை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தைத் தள்ளிவிடுவதற்காகப் பெரும்பாலானவற்றில் எச்.எஃப்.சி-134ஏ என்ற வாயு இருக்கிறது. எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் ஆயிரத்து முந்நூறு மடங்குக்குக் குறையாமல் வெப்பமூட்டக்கூடியது. இருநூறு முறை அடிக்கும் ஒரு குப்பி, தயாரிப்பைப் பொறுத்து, பத்திலிருந்து இருபத்தைந்து கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். குடியாத்தத்திலிருந்து காரில் ஒருமுறை, ஏன் இரண்டு முறை, போய்வந்ததற்கு ஈடு. மாத்திரைக் குளிகையைக் கருவியில் போட்டு உறிஞ்சும் பொடி இன்ஹேலரில், நம் கடைகளில் ரோட்டாகேப் என்று கேட்டு வாங்குவதில், அந்த வாயுவே கிடையாது. விலையும் பெரும்பாலும் குறைவு.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாற்றிவிட வேண்டாம். பொடியை இழுக்க மூச்சில் வலு வேண்டும். சிறு குழந்தைக்கும், இழுப்பு கடுமையாக வந்தவருக்கும், தளர்ந்த முதியவருக்கும் அழுத்தி அடிப்பதே உயிர் காக்கும். மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வருகிறவரை ஒருமுறை உங்கள் முன்னால் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பாதி மருந்து நாக்கிலும் கன்னத்திலும் போகிறது என்றால் பாதிக் குப்பி வீண். இந்தச் சோதனைக்குக் காணொளியே போதும்.

கேள்வி: வீடியோவில் எழுதிக் கொடுக்கும் சீட்டு செல்லுமா?
*— ஒரு வாசகர், ஆற்காடு*

பதில்: செல்லும். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, பதிவு பெற்ற மருத்துவர் தம் பதிவு எண்ணோடு எழுதித் தரலாம். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை, மருந்து விதிகளில் கடும் கட்டுப்பாடுள்ள எக்ஸ் பட்டியலில் உள்ளவை ஆகிய மருந்துகளை எழுதக்கூடாது. நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லும் உரிமையும் மருத்துவருக்கு உண்டு.

கேள்வி: நாங்கள் ஆம்பூர். எங்களுக்கு நேரில் போவதே நம்பிக்கை. வீடியோ வேண்டாம். ஆனால் புகையும் குறைய வேண்டும். வழி உண்டா?
*— ஒரு தம்பதியர், ஆம்பூர்*

பதில்: உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 1996-ல் பெயர்பெற்ற தீர்ப்பு வந்த பாலாற்றங்கரை உங்களுடையது. அந்த ஆற்றின் நிலையை வைத்துப் பார்த்தால் உங்கள் ஆஸ்பத்திரிப் பயணம் குற்றமே அல்ல. நிம்மதியாகப் போய்வாருங்கள். ஒரே முறை போய்வாருங்கள், அதுதான் வேண்டியது.

நம் பக்கத்தில் ஒரு நோய்க்கு ஆகும் பயணத்தை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் டாக்டரைப் பார்க்க; வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க இன்னொரு நாள்; ரிப்போர்ட் வாங்க மூன்றாவது நாள்; அதைக் காட்ட நான்காவது நாள், அன்று அவர் விடுப்பு என்றால் ஐந்தாவது. இதில் இரண்டு பயணங்களுக்குத்தான் டாக்டரின் முகம் தேவைப்பட்டது. மீதிக்குக் காணொளிகூட வேண்டியதில்லை. ஒரு தொலைபேசி போதும். எந்த ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு, அவர் ஏற்றுக்கொள்ளும் ஆய்வகத்தில் ஆம்பூரிலேயே கொடுத்து, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு போனால் நான்கு பயணம் ஒன்றாகிவிடும். பழைய ஸ்கேன் படங்களை வீட்டில் விட்டுவிட்டுப் போய், அதே ஸ்கேனை இரண்டாம் முறை எடுத்துக்கொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிலையாக எடுக்கும் மாத்திரைகளை மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுதித் தர இயலுமா என்றும் கேளுங்கள். டோக்கன் போடத் தொலைபேசி எடுக்கும்போதே, அந்தக் கிழமையில் டாக்டர் இருப்பாரா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு பேருந்து ஏறுங்கள்.